நீக்கப்படாத ஏழு பேர்

இந்த அவைக்குத் தலைமையேற்று, பேச வருகிற ஒவ்வொருவரின் பல்லையும் தம்மை அறியாமலே ஆராய்ந்துகொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே! வெற்றி வந்தபோது வெடித்துச் சிரித்தும் தோல்வி வந்தபோது தொண்டை அடைத்தும் இந்தக் கால்பந்து கிளப்பைத் தோளில் தூக்கிச் சுமந்த பெரியோர்களே! பிள்ளைகளின் சட்டையில் ஒட்டிய சேற்றைச் சலிக்காமல் துவைத்தெடுத்த தாய்மார்களே! பகையை இன்று ஒரு நாளைக்கு மடித்து வைத்துவிட்டு வந்திருக்கும் அடுத்த ஊர் எதிரணி நண்பர்களே! நாற்காலி காலியாக இருந்தும் ஜன்னல் கட்டையில் தொற்றிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு சிங்கங்களே! முன்வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தும் பின்வரிசையில் போய்ப் பதுங்கியிருக்கும் என் அருமை மருமகளே, அவளுடைய அணித் தோழிகளே! உங்கள் எல்லோருக்கும் என் கூப்பிய கரங்களின் வணக்கம்.

யாரோ சிரிக்கிறீர்கள். மாமியார் மருமகளை மேடையேறி ‘அருமை’ என்கிறாளே, மழை கொட்டப்போகிறது என்கிறீர்களா? கொட்டட்டும் ஐயா. நம் மைதானத்துப் புல்லுக்கு நல்லதுதான்.

எனக்குத் தந்திருக்கும் நேரம் பத்து நிமிடம். தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். தலைவர் அவர்களே, நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். ‘சற்றுக் காத்திருங்கள்’ என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள். என்னால் காக்க வைக்கப்படாதவர் இந்த அரங்கில் ஒருவரும் இருக்க முடியாது. இன்னொரு முறை காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

அவையோரே, நம் கிளப்பை லீக்கிலிருந்து நீக்கிய அந்த மாலையை உங்களில் யார் மறந்திருப்பீர்கள்? விருந்தினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளப்பின் பழைய உரிமையாளர் மைதானத்தை அடகு வைத்தார். கடன் கொடுத்தவர்கள் வாசலில் பூட்டுப் போட்டார்கள். ஆட இடமில்லாத அணிக்கு லீக் ஒரு தவணை கொடுத்தது. இன்னொரு தவணை கொடுத்தது. கடைசியில் கையை விரித்துவிட்டது. பருவம் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் என் மகன். அவன்தான் உங்கள் இடதுபுறத் தடுப்பாட்டக்காரன். பத்து வயதிலிருந்து இந்தக் கிளப்பைத் தவிர வேறு சட்டை போடாதவன். மறுநாள் ஆட்டம் இருக்கும் என்று நம்பி, பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். வானொலியில் செய்தி வந்தது. நீளமான செய்தியா? இல்லை. அறிவித்தவர் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த செய்தி வானிலை.

என் மகன் துடைத்துக்கொண்டிருந்த பூட்ஸைத் துடைத்து முடித்தான். மற்றதையும் எடுத்துத் துடைத்தான். பிறகு இரண்டையும் கொண்டுபோய் அலமாரியில் வைத்துச் சாத்தினான்.

ஒரு கிளப்பை லீக்கிலிருந்து நீக்கினால் என்ன ஆகும்? கேட்கிறேன், என்ன ஆகும்? வானம் இடிந்து விழுமா? விழாது. பேருந்து ஓடாதா? ஓடும். பள்ளிக்கூடம் திறக்காதா? திறக்கும். எல்லாம் நடக்கும். ஆனால் சனிக்கிழமை மட்டும் நடக்காது! காலண்டரில் இருக்கும், ஊரில் இருக்காது. வெள்ளிக்கிழமை படுத்து எழுந்தால் நேராக ஞாயிற்றுக்கிழமையில் விழித்தது போல இருக்கும். ஒரே வாரத்தில், என் மகன் நீங்கலாகப் பதினெட்டு ஆட்டக்காரர்கள் பதினெட்டுத் திசைக்குப் பெட்டி கட்டினார்கள். கோடு போடுகிறவருக்குக் கோடு இல்லை. கொடி பிடிக்கிறவருக்குக் கொடி இல்லை. கூச்சல் போடுகிறவனுக்குக் குரல் இருந்தது, கூச்சல் போட இடமில்லை.

ஆனாலும் வந்தீர்களே! அதை நான் என் கண்ணால் பார்த்தேனே! முதல் சனிக்கிழமை, பூட்டிய வாசல் முன்னால் நாற்பது ஐம்பது பேர். கழுத்தில் கிளப்பின் கம்பளித் துண்டு. யாரும் வரச் சொல்லவில்லை. கால் தானாக வந்துவிட்டது. வந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கம். ‘இந்தப் பக்கமா வந்தேன், சும்மா’ என்று ஒருவர். ‘நானும் மாத்திரை வாங்கத்தான் வந்தேன்’ என்று இன்னொருவர். மைதானத்தைச் சுற்றி அரை மைலுக்கு மருந்துக்கடையே கிடையாது! அப்படியே ஆட்டம் முடிகிற நேரம்வரை நின்றுவிட்டு, தோற்றுவிட்டுப் போகிறவர்களைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். ஆடாத ஆட்டத்தில் தோற்ற ஊர், நம் ஊர்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மகன் வெளியே போவதை நிறுத்திவிட்டான். தொலைக்காட்சி கிடையாது, நண்பர்கள் கிடையாது. ஒரு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்த கதவுக்கெல்லாம் கீலில் எண்ணெய் விட்டான். கதவு முடிந்ததும் ஜன்னல். ஜன்னல் முடிந்ததும் அலமாரி. என் வீட்டில் சத்தம் போடுகிற பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை. அவனும்தான் சத்தம் போடவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மருமகள் தோளில் பையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். விருந்தினர்களுக்குச் சொல்ல வேண்டும்: என் மருமகள் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். உடைந்த எலும்பைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத பெண். நம் கிளப்பின் பெண்கள் அணிக்குத் தலைவி. சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது, பார்க்க வருகிறவர்கள் என்றால், கட்டிக்கொண்ட கணவன்மாரில்கூட ஒருவருக்கு மேல் கிடையாது.

நான் கேட்டேன்: “எங்கம்மா கிளம்பிட்ட?”

“மேட்ச் இருக்கு அத்தை.”

“என்ன மேட்ச்? கிளப்பையே தூக்கிட்டாங்களேம்மா!”

அவள் ஷூ லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “தூக்கினது ஆண்கள் லீக் அத்தை. நாங்க ஆடறது வேற லீக். எங்கள யாரும் நீக்கல.”

அவையோரே! ‘எங்கள யாரும் நீக்கல.’ அந்தச் சொல் என் காதில் விழுந்த அதே நேரத்தில் என் மகன் காதிலும் விழுந்தது. எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பிப் பார்த்தான். ஆமாம்! ஆயிரம் பேர் அழுதோமே, நம் கிளப்புக்கு இன்னோர் அணி இருக்கிறது என்று ஒருவருக்காவது நினைவு வந்ததா? செய்தி வாசித்தவருக்கு வந்ததா? நீக்கியவர்களுக்கு வந்ததா? நல்லவேளை, வரவில்லை! வந்திருந்தால் அதையும் சேர்த்து நீக்கியிருப்பார்கள்!

கை தட்டுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இனிமேல்தான் கஷ்டம் வருகிறது.

பெண்கள் லீக்கிலும் விதி உண்டு. களத்தில் ஏழு பேராவது இருந்தால்தான் ஆட்டம் நடக்கும், ஆறானால் ரத்து. ஒரு பருவத்தில் மூன்று ஆட்டத்தை நடத்தாமல் விட்டால் அந்த அணிக்கும் கதவு சாத்தப்படும். நம் பெண்கள் முதல் ஆட்டத்தை நம் மைதானத்தில் ஆட வேண்டியது. பூட்டு தொங்கியதே, எங்கே ஆடுவது? ஒன்று போயிற்று. அணியில் இருந்த இருபது பேரில் பாதிக்கு மேற்பட்டோர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆட வேண்டிய வயது, காத்திருக்காது. மிஞ்சியது ஒன்பது பேர். மருத்துவமனை, மருந்துக்கடை, பேக்கரி, துணிமணி தைக்கிற ஆலை என்று ஆளுக்கொரு வேலை; ஆளுக்கொரு நேரம்.

சரி, ஆள் இருக்கிறது; சட்டை? சட்டையெல்லாம் மைதானத்துக்குள்ளே பூட்டிய அறையில். ஆட்டத்துக்கு முதல் நாள் மருமகளும் கோல்காக்கும் பெண்ணும் வாசல் காவலரிடம் போனார்கள். அந்தக் கோல்காப்பாளருக்கு ‘பிசின்’ என்று பெயர். பந்து கையில் ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடையில் வேலை. காவலர் நல்ல மனிதர்.

“அம்மா, உள்ள இருக்கறது உங்க சட்டைதான்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரு துரும்ப வெளிய விட்டாலும் என் வேலை போயிடும்மா.”

“உங்க வேலை போக வேணாம் அண்ணே,” என்றாளாம் மருமகள். “எந்தக் கலர்னு மறந்துடாம இருந்தா போதும்.”

அன்று மாலை, கிடைத்த வெள்ளைப் பனியன்களை வாங்கி வந்து, மருத்துவமனையில் கட்டுப்போடும் பிளாஸ்திரியால் முதுகில் எண் ஒட்டினார்கள். கிளப்பின் நிறமும் இல்லை, சின்னமும் இல்லை. வெள்ளைப் பனியனில் வெள்ளைப் பிளாஸ்திரி! பத்தடி தள்ளி நின்றால் எண்ணே தெரியாது. மறுநாள் ஆட்டத்தில் நடுவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறார். மழை வேறு பிடித்துக்கொண்டது. பாதி ஆட்டத்தில் கூப்பிடுகிறார்:

“எட்டாம் நம்பர் எங்கம்மா?”

“ஆள் இங்க இருக்கேன் சார். நம்பர்தான் சேத்துல விழுந்துடுச்சு!”

அந்தப் பதிலைச் சொன்னவள் எங்கள் முன்னணி வீராங்கனை. பேக்கரியில் ரொட்டி சுடுகிறவள். ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். பந்து வருவதற்கு முன்னால் இவள் போய் நிற்பாள். நடுவர் ஆஃப்சைடு என்று ஊதுவார். இவள் சண்டைக்கு நிற்பாள். அன்று ஒன்பது கோல் வாங்கினோம். திருப்பிக் கொடுத்தது? அதை விடுங்கள்.

பார்க்கப் போனவர்கள் யார் யார்? நான், அவசரத்தின் வீட்டுக்காரர், அவருடைய குடைக்குள் அழைக்காமல் வந்து நின்ற ஒரு நாய். திரும்பி வரும்போது பேருந்தில் என் மருமகள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். இறங்கும்போது சொன்னாள்: “நடந்து முடிஞ்சுதே அத்தை, அது போதும்.” நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. ஒன்பது கோல் வாங்கிய பெண் ஏன் நிம்மதியாகப் பேசுகிறாள்? பிறகுதான் தெரிந்தது. ஜெயிப்பதற்காக அவள் போகவில்லை. கிளப் இருக்கிறது என்று ஒரு நடுவர் தன் கைப்பட எழுதுவதற்காகப் போனாள்!

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். எல்லாமே வெளியூர் ஆட்டம். சொந்த மண் இல்லை. சொந்தச் சட்டை இல்லை. சொந்தமாக இருந்தது பெயர் ஒன்றுதான்.

ஒரு நாள், பூட்டிய வாசலில் நிற்கும் கூட்டத்திலிருந்து ஒருவர் பேருந்து ஏறி வந்துவிட்டார். ஓய்வு பெற்ற தபால்காரர். இதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மறைத்துக்கொள்கிறாரே, அவர்தான். எல்லைக் கோட்டுக்கு வெளியே, கல்யாண வீட்டில் தெரியாத முகம் போலத் தயங்கித் தயங்கி நின்றார். இடைவேளையில் மருமகளிடம் போய்க் கேட்டார்:

“ஏம்மா, இது நம்ம கிளப்தானே?”

“ஏன் பெரியப்பா, சட்டை இல்லன்னா அடையாளம் தெரியாதா?”

அவ்வளவுதான். தம் கழுத்திலிருந்த துண்டை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார். அந்த மைதானத்தில் நம் நிறத்தில் இருந்த ஒரே பொருள் அந்தத் துண்டு. அடுத்த வாரம் ஐந்து துண்டு. அதற்கடுத்த வாரம் ஒரு பேருந்து நிறையத் துண்டு. நடத்துனர், ‘யார் வீட்டு விசேஷம்?’ என்று கேட்கிற அளவுக்கு! ஒரு மழைநாளில், ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடித்தார்கள் நம் பெண்கள். அன்று தபால்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அம்மா, நாற்பது வருஷமா இந்தக் கிளப்ப பாக்கறேன். இப்படிக் கத்தினதே இல்ல.” மறுநாள் அவர் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. அவர் வீட்டம்மா எனக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னார்.

தாய்மார்களே, இப்போது நான் சொல்லப்போவது மேடையில் சொல்கிற விஷயமா என்று எனக்கே தெரியவில்லை. மகனிடம் கேட்டேன். ‘சொல்லுங்கம்மா, உண்மைதானே’ என்றான். அதனால் சொல்கிறேன்.

பருவத்தின் நடுவில் தொலைவிலுள்ள ஊரின் கிளப் ஒன்று என் மகனைக் கூப்பிட்டது. வீடு தருகிறோம், குடும்பத்தோடு வா. மாதக்கணக்கில் பேசாதிருந்தவன் அன்று பாட்டு முணுமுணுத்தான். நான் அவனைப் பெற்றவள்; எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? சாப்பாட்டு மேசையில் அவன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

“அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு. உனக்கும் வேல கிடைக்கும்,” என்றான்.

“கிடைக்கும்.”

“அப்புறம் என்ன?”

“சீசன் முடியட்டும். முடிஞ்சதும் வரேன்.”

“எனக்கு இது ஒரே வாய்ப்புடி. உனக்கு அது ஞாயித்துக்கிழமை விளையாட்டு!”

அவள் தலையை நிமிர்த்தினாள். சத்தம் போடவில்லை. “உங்க கிளப்புக்குப் பூட்டுப் போட்டப்ப நீங்க எப்படி உக்காந்திருந்தீங்கன்னு நான் பாத்தேன். அந்தப் பூட்ட என் கையால நானே போடணுமா?”

அவன் என் பக்கம் திரும்பினான். “அம்மா, நீங்க சொல்லுங்க.”

ஐயோ! மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்றாவது ஆளாக இருப்பதைப் போலக் கொடுமை உண்டா? இணைப்பகத்தில் எங்களுக்கு ஒரு கட்டளை: இரண்டு பேரை இணைத்துவிடு, நடுவில் ஒட்டுக் கேட்காதே. அந்தக் கட்டளையை அன்றுதான் மீறினேன்.

“ராஜா,” என்றேன், “நீ போனா, அங்க பதினோரு பேரு இருப்பாங்க. நீ போகலன்னாலும் பதினோரு பேரு இருப்பாங்க. இவ போனா, இங்க ஏழு பேரு இருக்க மாட்டாங்கடா.”

பெற்ற மகனிடம் அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா? அவனுக்கு அதைவிட வலித்தது. எழுந்து போய்விட்டான். இரண்டு நாளில் ஒற்றைப் பெட்டியோடு ரயில் ஏறினான். வழியனுப்பப் போன மருமகள் திரும்பி வந்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நேராக வேலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவன் தொலைபேசியில் கூப்பிடுவான். ‘சாப்பிட்டியா?’ ‘ம்.’ ‘அம்மா நல்லா இருக்காங்களா?’ ‘ம்.’ அவ்வளவுதான். எத்தனையோ ஆயிரம் பேரின் பேச்சை இணைத்துவிட்டவளுக்கு, சொந்த வீட்டில் இரண்டு பேரின் பேச்சை இணைக்கத் தெரியவில்லை.

பருவம் முடியப் போகிறது. ஒரு வாரம் அணியில் ஐந்து பேருக்குக் காய்ச்சல். இரண்டாவது ஆட்டமும் விட்டுப்போயிற்று. இன்னும் ஒன்றை விட்டால் கதை முடிந்தது. மிச்சமிருந்ததோ ஒரே ஒரு ஆட்டம். அதுவும் நாம் இடம் தர வேண்டிய ஆட்டம்! பூங்காவைக் கேட்டோம், பள்ளியைக் கேட்டோம், கையை விரித்தார்கள். அப்போது யார் வந்தார்கள் தெரியுமா? யாரைக் கண்டால் நமக்கு ஆகாதோ, யார் கொடியைக் கண்டால் நம் குழந்தைகூட முகத்தைத் திருப்புமோ, அந்த அடுத்த ஊர்க் கிளப்பின் செயலாளர், இதோ மேடையில் அமர்ந்திருக்கும் இரும்புக்கடைக்காரர் ஐயா, என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“எங்க கிரவுண்ட எடுத்துக்கங்க,” என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “ஏன் சார்?” என்றேன்.

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? உங்களத் திட்டறதுக்காவது நீங்க இருக்கணும்ல! ஒரு வருஷமா யாரத் திட்டறதுன்னு தெரியாம எங்க ஆளுங்க ஆளுக்காளு திட்டிக்கறாங்க.”

எழுந்து நில்லுங்கள் ஐயா, எல்லோரும் பார்க்கட்டும். இவரைக் கை தட்டிப் பாராட்டுகிற பாவத்தை இன்று ஒரு நாள் நாம் செய்யலாம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் தேறியவர், தேறாதவர், வேலையில் விடுப்புக் கிடைத்தவர் என்று எண்ணிப் பார்த்தால், சரியாக ஏழு பேர். எதிரே வேறோர் ஊர் அணி, பதினோரு பேர். மாற்றுக்கு ஒருவரும் இல்லை. முதல் பாதியில் மூன்று கோல் வாங்கினோம். கவலையில்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பாய்ந்து வந்த பந்தைத் தடுத்த பிசின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

 அவள் வெளியே போனால் ஆறு. ஆறானால் ஆட்டம் ரத்து. ரத்தானால் மூன்றாவது. மூன்றாவதென்றால்?

என் மருமகள் ஓடிப்போய் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

“உடைஞ்சிருக்கு.”

“தெரியும்,” என்றாள் பிசின்.

“வெளிய போறியா?”

“கால் நல்லாத்தானே இருக்கு!”

அவ்வளவுதான் பேச்சு. நடுவர் யோசித்தார். “ஓடாதம்மா, நின்னா போதும்,” என்றார். விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, அவளைக் கொண்டுபோய் முன்னால் ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, என் மருமகள் கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குள் நுழைந்தாள். வாழ்நாளில் கோல் காக்காதவள்.

அப்போது கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “இடது பக்கம்! இடது பக்கம் கொஞ்சம் நகரு!”

எனக்குத் தெரியாத குரலா அது? என் மகன்! சனிக்கிழமை தன் ஆட்டத்தை ஆடிவிட்டு, ராத்திரி முழுக்க ரயிலில் நின்றபடி வந்தவன், பையைக்கூட இறக்காமல் வலைக்குப் பின்னால் நிற்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும். நீங்க கொஞ்சம் வாய மூடறீங்களா?”

பல மாதத்துக்குப் பிறகு என் மகனிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். என் மகன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

பந்து வந்தது, பிடித்தாள். பந்து வந்தது, விட்டாள். பந்து வந்தது; முகத்தில் வாங்கினாள். மற்ற ஐந்து பேரும் ஓடினார்கள், ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள். அவசரம் அன்று ஒரு முறைகூட ஆஃப்சைடு போகவில்லை. தன் கோலை விட்டு முன்னால் போகவே நேரமில்லையே! எங்கள் ஆட்களும், எங்களைத் திட்டவே பிறந்த அடுத்த ஊர் ஆட்களும் தோளோடு தோள் நின்று ஒரே பெயரைக் கத்தினார்கள். நம் கிளப்பின் பெயரை! நீக்கப்பட்ட பெயரை! நீக்க முடியாத பெயரை!

நடுவர் கடைசி ஊதல் ஊதினார். ஐந்துக்குப் பூஜ்யம். தோற்றோம். தோற்றவுடன் கூட்டம் களத்துக்குள் பாய்ந்து அந்த ஏழு பேரையும் தோளில் தூக்கிவிட்டது. ஜெயித்த அணி ஓர் ஓரத்தில் திகைத்து நிற்கிறது. நடுவர் என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்: “ஏம்மா, தோத்தது இவங்கதானே?”

“ஆமாம் சார்,” என்றேன். “ஆனா ஆட்டம் நடந்துடுச்சு!”

அவையோரே, அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பெயர் ஒரு லீக்கில் உயிரோடு இருந்ததால்தான் அந்தப் பெயரைச் சுற்றி நாம் இந்தச் சங்கத்தைக் கட்ட முடிந்தது. மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்து மீட்க முடிந்தது. ஆண்கள் அணியைக் கடைசிப் படியில் சேர்த்துக்கொள்ள லீக் சம்மதித்திருக்கிறது. என் மகனும் திரும்பி வந்துவிட்டான். கடைசிப் படிதான், ஆனால் நம் படி!

இப்போது இந்த அரங்கின் முன் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை நம் மைதானம் திறக்கிறது. குழுவின் முடிவு என்ன? ஆண்கள் அணி ஒரு பெரிய கிளப்போடு திறப்பு விழா ஆட்டம் ஆடும். பெண்கள்? ‘புல் புதிது, அதிகம் மிதிக்கக் கூடாது, அவர்கள் கொஞ்ச நாளைக்குப் பள்ளி மைதானத்தில் ஆடட்டும்.’ தலைவரைக் குறை சொல்லவில்லை. அவர் புல்லைப் பல்லைப் போலப் பார்த்துக்கொள்கிறவர். கெட்ட எண்ணமே இல்லை. மறதிதான்; பழைய மறதி!

நான் மருமகளிடம் இதைச் சொன்னேன். “விடுங்க அத்தை, ஆட ஒரு இடம் இருந்தா போதும்,” என்றாள்.

போதாது! கேட்கிறதா, பின்வரிசையில் இருப்பவளே? போதாது! சட்டையில்லாமல் ஆடியபோது ‘போதும்’ என்றாய், சரி. மண்ணில்லாமல் ஆடியபோது ‘போதும்’ என்றாய், சரி. உடைந்த விரலோடு ஒருத்தி நின்றபோது ‘போதும்’ என்றீர்கள், சரி. மண் கிடைத்த பிறகும் போதுமா? யார் பெயரைக் காத்தார்களோ, அவர்கள் காலடி அந்தப் புல்லில் முதலில் பட வேண்டாமா? நாற்பது பேர் பூட்டின் முன் நின்று அழுதபோது, பூட்டைத் திரும்பியும் பாராமல் பேருந்து ஏறினார்களே, அவர்கள் முதலில் நுழைய வேண்டாமா? ஆண்கள் ஆடட்டும்! என் மகனும் அதில் ஆடுகிறான், ஆடட்டும்! ஆனால் அவர்களுக்கு முன்னால் பெண்கள் ஆடட்டும்! புல் தேயுமா? தேயட்டும்! தேய்வதற்குத்தானே புல் வளர்த்தோம்!

தலைவர் அனுமதித்தால் கையை உயர்த்துங்கள் என்று கேட்கிறேன். தலையசைத்துவிட்டார். உயர்த்துங்கள்! முன்வரிசைப் பெரியோர்கள்... தபால்காரர் இரண்டு கையையும் தூக்குகிறார். ஐயா, ஒன்று போதும். தாய்மார்கள் பக்கம் கணக்கெடுக்கவே வேண்டாம். ஆண்கள் அணி? அதோ, மொத்தமாக. என் மகன் நாற்காலிமேல் ஏறி நிற்கிறான். இறங்குடா, விழுந்துவிடப் போகிறாய்! இரும்புக்கடைக்காரர் ஐயா, உங்களுக்கு இங்கே ஓட்டுக் கிடையாது, கையை இறக்குங்கள். சரி சரி, இருக்கட்டும்.

தலைவர் ஏதோ சொல்கிறார்... ‘முதல் ஆட்டம் பெண்களுக்கு’ என்கிறார். கேட்டதா? முதல் ஆட்டம் பெண்களுக்கு!

எழுந்திரும்மா மருமகளே. அழாதே, எழுந்திரு. மருந்துக்கடை, எழுந்திரு. பேக்கரி, எழுந்திரு. ஆலைப் பெண்கள் நால்வரும் எழுந்திருங்கள். இந்த அரங்கம் உங்களை ஒரு முறை நன்றாகப் பார்க்கட்டும். ஒரு வருடம் நம் கிளப் எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால், இதோ, இந்த ஏழு பேரிடம் இருந்தது என்று இனி எல்லோரும் சொல்லுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடைசிவரை கடிகாரத்தைப் பார்க்காத தலைவருக்கும், களம் தந்த எதிரிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சனிக்கிழமை, ஆண்கள் ஆட்டத்துக்கு வருகிற நேரத்துக்கு வராதீர்கள்; இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். வணக்கம்.